இன்டர்வெல் சாரின் பின்பாதி

தமிழ்ப் படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். சினிமாவே பார்க்காதவர்களும் அங்கங்கே உண்டு. ஆனால் வெளிவந்த படங்கள் அத்தனையையும் சரியாகப் பாதி மட்டும் பார்த்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தார். எங்கள் மின்சார ரயில் பெட்டியில் அவருக்கு இன்டர்வெல் சார் என்று பெயர்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ஞானஸ்நானம் எடுத்த சர்ச்சில் அது பதிவாகியும் இருக்கும். நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பாரிமுனையில் கப்பல் சரக்கு சம்பந்தப்பட்ட ஏதோ கம்பெனியில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தலைக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாக வைப்பார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். கடைசி விவரத்தை நாங்களே கண்டுபிடித்தோம். அவர் சாய்ந்து உட்கார்ந்து எழுந்த ஜன்னல் கம்பி பளபளவென்று இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு மாம்பலத்தில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்தது. மேற்குத் தாம்பரத்தில் அறை எடுத்துத் தங்கினேன். வண்டி கிளம்புகிற ஊர், உனக்கென்ன, ராஜா மாதிரி உட்கார்ந்து போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொன்ன ஒருவரும் காலை எட்டேகால் வண்டியில் ஏறியவர் இல்லை. வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாகக் கைக்குட்டை, குடை, டிபன் பை என்று கையில் கிடைத்ததை உள்ளே போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். முதல் நாள் நான் இடிபட்டு உள்ளே போனபோது ஜன்னலோரம் நாலு பேர் எதிரெதிராக உட்காரும் இடத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மற்ற மூன்று இடங்களிலும் துவைத்து மடித்த மூன்று வெள்ளைக் கைக்குட்டைகள். ஒன்றை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன்.

"தம்பி, அது ஆள் இருக்கிற கர்சீப்" என்றார்.

ஆள் யாரும் இல்லையே என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நேற்று ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தேன் என்று விசாரித்தார். படத்துக்குப் போனேன் என்றேன். என்ன படம் என்றும் சொன்னேன்.

"முழுசா பாத்தீங்களா?"

"முழுசாத்தான் சார் பாத்தேன்."

"அப்ப உக்காருங்க."

கைக்குட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வண்டி சானடோரியம் தாண்டியதும் முழுதாக என் பக்கம் திரும்பினார். தான் இன்டர்வெல்லோடு வந்துவிட்டதாகவும், அதற்குப் பிறகு என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பாவம், படம் பார்க்கும்போது வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து நானும் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமையும் அவர் இன்டர்வெல்லோடு வந்திருந்தார். அதற்கடுத்த திங்களும் அதே கதை. இவருக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை, வேறு எங்கேயோதான் கோளாறு என்று எனக்குத் தோன்றியது.

எழுந்து வந்ததற்கு அவரிடம் ஒரு சித்தாந்தமே இருந்தது. கேட்டால் போதும், ஒப்பிப்பார். "ஃபர்ஸ்ட் ஹாஃப் டைரக்டர் எடுக்கறான் தம்பி. செகண்ட் ஹாஃப் இருக்கே, அதை புரொடியூசர், டிஸ்ட்ரிபியூட்டர், ஹீரோவோட மச்சான் எல்லாரும் சேந்து எடுக்கறாங்க. டைரக்டர் எடுத்ததை நான் பாத்துட்டேன். மச்சான் எடுத்ததை நான் எதுக்கு பாக்கணும்?" அப்படியானால் அதைக் கேட்டு மட்டும் என்ன ஆகப்போகிறது என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. அவர் அவ்வளவு உறுதியாகச் சொல்வார்.

பார்த்த பாதியைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயங்களை எழுதப்போனால் இந்தப் பத்திரிகை முழுவதும் அதற்கே போய்விடும். கனவுப் பாட்டில் கதாநாயகன் கோட்டு, மப்ளர், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு பனிமலையில் ஆட, கதாநாயகி மட்டும் மெல்லிய சேலையில் விறைத்துக்கொண்டு நிற்பாளே, அதைக் கண்டால் அவருக்கு ஆகாது. அந்தப் பெண்ணுக்கு ஒரு சால்வை கொடுக்க அந்த யூனிட்டில் ஒருத்தனுக்கும் இரக்கம் இல்லையா என்று பல்லாவரம் வரும்வரை வருத்தப்படுவார். வில்லன் வீட்டில் கலர் கலராக பல்பு மினுக்கிக்கொண்டே இருப்பது ஏன், கரண்ட் பில் கட்டத்தான் கடத்தல் தொழில் செய்கிறானா என்பது அவர் பல வருடம் கேட்டுவந்த கேள்வி. படத்தில் தங்கச்சி ஒருத்தி முதல் ரீலில் சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தால், அவள் பிழைக்க மாட்டாள் என்று அங்கேயே முடிவு கட்டிவிடுவார். இன்டர்வெல்லுக்குள் அவள் செத்துவிட்டால் மறுநாள் எங்களிடம் துக்கம் சொல்வார்.

புகழவும் தெரியும். ஆனால் ஊர் புகழ்கிறவர்களை அவர் சீந்தமாட்டார். வில்லனுக்குப் பின்னால் நின்று தலையாட்டும் அடியாட்களில் ஒருவனை மட்டும் பல படங்களாகப் பின்தொடர்ந்து வந்தார். அவன் தலையாட்டலில் அர்த்தம் இருக்கிறதாம். மற்றவர்கள் சும்மா ஆட்டுகிறார்களாம். ஒரு திங்கட்கிழமை முகமெல்லாம் சிரிப்பாக வந்தவர், பையன் மூணாவது ஆளிலிருந்து ரெண்டாவது ஆளாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டான் என்று அறிவித்தார். எனக்கு ஆபீசில் இன்கிரிமென்ட் வந்தபோதுகூட யாரும் அப்படி சந்தோஷப்பட்டதில்லை.

இந்தப் பாதி வழக்கத்தை அவர் சர்ச்சுக்கும் விஸ்தரித்திருந்தார். ஞாயிறு காலை ஆராதனை முடிந்து அதே வெள்ளைச் சட்டையோடு நேரே மேட்னிக்கு வருகிறவர். மறுநாள் போதகரின் பிரசங்கத்துக்கும் விமர்சனம் உண்டு. முதல் பாதி விறுவிறு என்று போயிற்று, ரெண்டாவது பாதியில் எடிட்டிங் போதாது என்பார்.

மற்ற இரண்டு கைக்குட்டைகளுக்கு உரியவர்கள் குமாரும் மோகனும். குமார் எழும்பூர் பக்கம் ஒரு போஸ்ட் ஆபீசில் இருந்தான். தந்தி அடித்துப் பழகிய கையோ என்னவோ, கதையையும் அப்படித்தான் சொல்வான். இன்டர்வெல் சார் ஆவலோடு முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, தாலி அறுந்து விழுந்ததே, அதற்குப் பிறகு என்ன என்று கேட்பார். "கடைசில சேந்துட்டாங்க சார்" என்பான் குமார். அவ்வளவுதான் கதை. வண்டி குரோம்பேட்டையைக்கூடத் தொட்டிருக்காது. சார் முகம் வாடிப்போகும். குமார் சொன்ன படங்களை எல்லாம் அவர் கடைசிவரை மட்டமான படங்கள் என்றே சாதித்தார்.

மோகன் வேறு ரகம். குன்றத்தூர் பக்கத்துப் பையன். நிலபுலம் உள்ள குடும்பம், ஆனால் நிலத்தில் இறங்கப் பிடிக்காமல் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்திருந்தான். பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து எங்களோடு ரயில் ஏறுவான். அவன் கதை சொன்னால் வசனம், பின்னணி இசை, குதிரைக் குளம்பு, கார் பிரேக் எல்லாம் அவன் வாயிலிருந்தே வரும். அழுகைக் கட்டம் வந்தால் குரலைத் தாழ்த்துவான். அடுத்த வரிசைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். "அப்டியே இவன் வர்றான் சார். வூடு தொறந்து கீது. உள்ள யாரும் இல்ல. ஒரு கொலுசு மட்டும் கீய கெடக்குது" என்று அவன் நிறுத்தினால் மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டியவர் பழவந்தாங்கலில் இறங்குவார்.

அவனிடம் ஒரே குறை, கிண்டியில் இறங்கியாக வேண்டும். எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் பரங்கிமலை தாண்டும்போது க்ளைமாக்ஸ் பாக்கி இருக்கும். ஒரு முறை கதை முடியாமலே இறங்கிவிட்டான். சார் ஜன்னலில் தலையை நீட்டி, அந்த ஆஸ்பத்திரி என்ன ஆச்சு என்று கேட்க, நகரும் வண்டியோடு ஓடிக்கொண்டே, "காப்பாத்த முடியல சார், பெரியவரு போய்ட்டாரு" என்று மோகன் கத்தினான். எதிரில் இருந்த ஒரு பெரிய அம்மாள் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, அழக்கூடாது, எல்லோருக்கும் ஒரு நாள் உண்டு, வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று ஆறுதல் சொன்னார். சார் தலையைக் குனிந்துகொண்டு அந்த ஆறுதலை முழுதாக வாங்கிக்கொண்டார். சினிமா என்று அவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்ல வாய் வரவில்லை.

கதை கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்படிக் கேட்கிறவர்கள் இப்போது இல்லை. நடுவில் குறுக்கிட மாட்டார். கண்ணை எடுக்க மாட்டார். எந்த இடத்தில் 'ஐயையோ' சொல்ல வேண்டுமோ அங்கே சொல்வார். வீட்டில், ஆபீசில், பஸ்ஸில் ஒருவரும் காது கொடுத்துக் கேட்காத எங்களைப் போன்ற ஆட்களுக்கு அது பெரிய போதையாக இருந்தது. திங்கட்கிழமைக்காகவே படம் பார்க்க ஆரம்பித்தோம்.

இந்த நிலையில்தான் யானை வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் கோயிலில் மோகன் வீட்டார் காவடி எடுத்தார்கள். அவன் படத்துக்குப் போகவில்லை. குமாருக்குக் காய்ச்சல். நான் வேறு படம் பார்த்திருந்தேன். திங்கட்கிழமை சார் வழக்கம்போல் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். அவர் ஏமாறுவதைப் பார்க்க மோகனுக்கு மனசு கேட்கவில்லை. தான் பார்த்துவிட்டதாகச் சொல்லி ஆரம்பித்தான். போஸ்டரில் பார்த்தது பாதி, காவடி எடுத்த களைப்பில் தோன்றியது பாதி. வில்லன் கதாநாயகியின் கைக்குழந்தையை மலை உச்சியில் வைத்துவிட்டான். கதாநாயகனுக்குக் கை ரெண்டும் கட்டு. மோகன் ஒரு நிமிடம் யோசித்தான். "அப்பப் பாத்தா சார், காட்லேர்ந்து ஒரு யானை வந்துகினு கீது" என்றான்.

குழந்தையைத் தும்பிக்கையால் எடுத்து, அருவியைத் தாண்டி, கோர்ட்டுக்கே கொண்டுவந்து ஜட்ஜ் மேஜை மேல் வைத்தது யானை. எனக்கே புல்லரித்தது. சார் கடைசிவரை கேட்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரே ஒரு ஆட்சேபணை சொன்னார். யானை பிரமாதம், ஆனால் அதற்கு ஃபர்ஸ்ட் ஹாஃபிலேயே ஒரு சீன் வைத்திருக்க வேண்டும், திடீரென்று வந்தால் ஜனங்கள் எப்படி நம்புவார்கள், இது டைரக்டர் செய்த தப்பு. மோகன் அதை ஒப்புக்கொண்டான்.

அவன் விட்ட கதை என்று எனக்கு அப்போது தெரியாது. யானையைப் பார்த்தே தீருவது என்று அடுத்த ஞாயிறு அந்தப் படத்துக்குப் போனேன். இன்டர்வெல் முடிந்தது. சண்டை வந்தது, பாட்டு வந்தது, கோர்ட்டும் வந்தது. யானை வரவில்லை. யானை வரும் யானை வரும் என்று கடைசி எழுத்து வரை உட்கார்ந்திருந்தேன். விளக்கு எரிந்தது, எல்லோரும் எழுந்தார்கள். நாலைந்து வரிசை முன்னால், எண்ணெய் மின்னும் ஒரு தலை மட்டும் எழுந்திருக்கவில்லை.

வெள்ளைச் சட்டையில் இன்டர்வெல் சார்.

யானையைத் தேடி அவரும் வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. கூப்பிடலாம் என்று பின்னாலேயே போனேன். அவர் வாசலுக்கு வந்து, உள்ளே பார்த்த படத்தின் போஸ்டர் முன்னாலேயே நின்றுகொண்டார். ஜனம் அவரைத் தாண்டிப் போயிற்று. புருஷனும் பெண்டாட்டியுமாக, நாலு சிநேகிதர்களாக, ஒரே சத்தமாக, அந்த இடம் சரியில்லை, இந்த இடம் சூப்பர் என்று பேசிக்கொண்டே போனார்கள். ஒரு கும்பலில் எவனோ க்ளைமாக்ஸ் வேஸ்ட் என்றான். சார் சட்டென்று திரும்பினார். பதில் சொல்ல வாயும் திறந்துவிட்டார். அவர்கள் போய்விட்டார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டு, குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ரயில்வே கேட் பக்கம் மெல்ல நடக்க ஆரம்பித்தார். நான் கூப்பிடவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டுக்காரரிடம், இவர் படம் முழுதும் பார்க்க மாட்டாரே, இன்றைக்கு எப்படி என்று கேட்டேன்.

"யாரு, அந்த சர்ச் சாரா? இன்னா சார் சொல்ற நீ. வாராவாரம் லைட்டு போட்டு, நான் சைக்கிளெல்லாம் எடுத்து வுட்டப்புறம் கடசியா வர்றவரே அவருதான். போன வாரமும் இதே படம் பாத்துகினு போனாரு. வெளிய வந்தா கொஞ்ச நேரம் நின்னுகினு இருப்பாரு. யாரும் வரமாட்டாங்க. அப்பால போய்டுவாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முழுப் படமும் பார்த்த ஆளுக்கு யாரும் கதை சொல்ல மாட்டார்கள். பாதி பார்த்தவனுக்குத்தான் சொல்வார்கள். பாதி பார்த்தவன் பக்கத்தில்தான் மூன்று பேர் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை வேறு பேச்சு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். மாடி அறையில் அவருக்குப் பேச ஆள் கிடையாது. கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் பற்றி மட்டும்தான் பேசுவார் என்று அவரே சொல்லியிருக்கிறார். எங்கள் நாலு பேர் இருக்கைதான் அவருக்கு வீட்டுக் கூடம் மாதிரி. அதற்காகத்தான் அந்த மனிதர் தான் பார்த்த படங்களில் எல்லாம் பாதியைப் பார்க்கவில்லை என்று விட்டுக்கொடுத்துவிட்டார்.

மறுநாள் மோகனிடமும் குமாரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஒரு வாரம் பெட்டியே சிரிப்பாகச் சிரிக்கும். அதற்குப் பிறகு அந்தக் கைக்குட்டைகளை விரிக்க அவர் வரவே மாட்டார். அதனால் யானை இன்னும் கொஞ்ச நாள் எங்கள் பேச்சில் உலாவிக்கொண்டிருந்தது. எந்தப் படத்தில் பின்பாதி தொய்வு என்றாலும், அந்த யானையைக் கொண்டுவந்து விட்டிருக்கலாம் என்பார் சார், முகத்தைத் துளிகூட மாற்றாமல்.

நல்ல காலம் என்றால் சீக்கிரம் தீர்ந்துதானே போகும். குமாருக்குத் திருநெல்வேலிப் பக்கம் மாற்றல் வந்தது. எனக்குக் கல்யாணமாயிற்று. கூடவே செங்கல்பட்டுக்கு மாற்றலும் ஆயிற்று. காலையில் எதிர்த்திசையில் போகிறவனாகிவிட்டேன். மோகன் வேலையை விட்டுவிட்டான். படப்பை ரோட்டில் இருந்த நிலத்தை மனை போட்டு விற்று, வந்ததில் கேபிள் டி.வி. தொழில் ஆரம்பித்தான். எங்கள் பெட்டியிலேயே சிறந்த கதைசொல்லி கடைசியில் வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்து, யாரும் யாருக்கும் கதை சொல்லத் தேவையில்லாமல் செய்துவிட்டான். அவனைக் குறை சொல்லவில்லை. ஒயர் இழுக்கும்போதும் வீட்டுக்காரப் பெண்களிடம் ஏதாவது கதை சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பான்.

சில வருடம் கழித்து மறுபடி மாம்பலத்துக்கே வந்தேன். பழைய வண்டி, பழைய கூட்டம். இடித்துப் பிடித்து உள்ளே போனால் ஜன்னலோரம் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. வாக்மேன் மாட்டிய ஒரு இளைஞன் கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு, டெய்லி மூன்று சீட்டுக்குத் துணி போடுகிறீர்கள், ஒருத்தரும் வரக் காணோம், யார் சார் வரப்போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்த ஒருவர், வருவார்கள் என்று முனகிக்கொண்டிருந்தார். எண்ணெய் மட்டும் குறையவில்லை.

"வந்தாச்சு தம்பி" என்று அந்தக் கைக்குட்டையை வாங்கிக்கொண்டேன். "அது என் கர்சீப்தான்."

சார் நிமிர்ந்து பார்த்தார். நகர்ந்து எனக்கு இடம் விட்டார். மற்ற இரண்டு கைக்குட்டைகளையும் மடித்து வைத்துக்கொண்டு அந்த இளைஞனையும் உட்காரச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் பழைய ஆள் ஆகிவிட்டார். எல்லாவற்றையும் வாங்கு வாங்கு என்று வாங்கினார். இப்போது பாட்டில் தபேலா எங்கே போயிற்று, எல்லாம் மெஷின் இடிக்கிறது. நாற்பது பேர் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு பின்னால் உதைக்கிறார்கள், யாரை உதைக்கிறார்கள் என்று தெரியவில்லை. டி.வி.யில் பேசுகிற பெண்ணுக்குத் தமிழ் வராவிட்டால் பரவாயில்லை, வராததைப் பெருமையாகச் சொல்கிறாளே. சீரியலில் மாமியார் ஒரு தடவை திரும்பிப் பார்க்க ஒரு வாரம் ஆகிறது. அவருடைய அந்த அடியாள் மட்டும் முன்னுக்கு வந்துவிட்டானாம், இப்போது சொந்தமாக ஒரு வசனம் பேசிவிட்டுத்தான் கிணற்றடியில் சாகிறானாம். அதைச் சொல்லும்போது குரல் நெகிழ்ந்தது.

நடுவே பக்கத்து இளைஞனின் முழங்காலைத் தட்டி, இந்த வாரம் வந்த படத்துக்குப் போனீர்களா, செகண்ட் ஹாஃப் எப்படி என்று கேட்டார். அவன் காதிலிருந்து ஒயரை எடுத்தான். "ரெண்டு மாசம் வெய்ட் பண்ணுங்க சார். கேபிள்ல போட்டுடுவான். வூட்லயே பாத்துக்கலாம்."

"போடுவான் தம்பி" என்றார் சார். "சொல்ல மாட்டானே."

அவன் ஒயரை மாட்டிக்கொண்டுவிட்டான். அந்த மாதக் கடைசியோடு தனக்கு ரிடையர்மென்ட் என்று சார் என்னிடம் சொன்னார். அப்புறம் என்ன செய்வதாக உத்தேசம் என்றேன். வழக்கம்போல் ஞாயிறு மேட்னி பார்ப்பேன், திங்கட்கிழமைக்குத்தான் ஒன்றும் யோசிக்கவில்லை என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய கடைசி வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, மனைவியை அழைத்துக்கொண்டு மேட்னிக்குப் போனேன். புதுப்படம். முன்வரிசைகளில் ஓரமாக அந்த வெள்ளைச் சட்டை இருந்தது. இன்டர்வெல் விட்டு மறுபடி விளக்கு அணைந்ததும் நான் எழுந்தேன். எங்கே போகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். வீட்டுக்கு என்றேன். வயிறு சரியில்லையா என்றாள். படம் இப்போதுதான் சூடு பிடிக்கிறது, எனக்கு முடிவு தெரிய வேண்டும், நான் வரமாட்டேன் என்றும் சொன்னாள். நீ இருந்து பார், ஆனால் முடிவை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பாதிப் படத்தில் வருகிறவனைப் பார்த்து சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், இன்னா சார், அவ்ளோ பேஜாரா கீதா படம் என்று அனுதாபப்பட்டார். மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அதனால் முடிவும் தெரியாமலே போயிற்று.

திங்கட்கிழமை வண்டி கிளம்பியது. சானடோரியம் தாண்டியது. சார் என் பக்கம் திரும்பினார். "நேத்து நீங்களும் வந்திருந்தீங்க போல. நான் இன்டர்வெல்லோட போய்ட்டேன். அந்தப் பொண்ணு வீட்டை விட்டு வந்துடுச்சே, அப்புறம் என்ன ஆச்சு?"

"தெரியாது சார்" என்றேன். "நானும் இன்டர்வெல்லோட வந்துட்டேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குரோம்பேட்டை வந்து போயிற்று. ஜனம் ஏறியது. எனக்குப் பயமாகவே இருந்தது. இவ்வளவு வருடம் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றை அவசரப்பட்டு உடைத்துவிட்டோமோ, எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடுவாரோ!

"நீங்க எதுக்கு பாதியில எந்திரிச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க சொல்லிக் கேக்கலாம்னுதான் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பல்லாவரம் தாண்டியது. எப்போதிலிருந்து தெரியும் என்றார். யானையைத் தேடிப் போன அன்றிலிருந்து என்றேன். அவர் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன், சிரித்துவிட்டார்.

"மோகன் நல்லா சொன்னான் இல்ல? அதுக்கு முந்தின நாள்தான் நான் முழுசா பாத்தேன். படத்துல இருந்ததைவிட அவன் சொன்னதுதான் நல்லா இருந்துது. அதை எப்படி தம்பி இல்லைனு சொல்றது?"

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பெண் வீட்டை விட்டு வெளியே வருகிற இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

அவரைப் போல மோசமாகக் கதை சொல்லும் ஒருவரை நான் பார்த்ததே இல்லை. அத்தனை வருடம் கேட்டுக்கொண்டே இருந்தவருக்குச் சொல்லிப் பழக்கமில்லை. பாதியில் நிறுத்தி, இல்லை, அதற்கு முன்னால் ஒன்று நடந்தது என்று பின்னால் போவார். அழுகைக் கட்டத்தில் ஒளிப்பதிவைப் பற்றி ஒரு விளக்கம். மாமனாருக்கும் வில்லனுக்கும் பெயர் மாறிப்போய், கதாநாயகன் மாமனாரை நையப் புடைத்தான். சண்டை வந்ததும் கையை வீசிக் காட்ட, அன்றும் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த அந்த இளைஞனின் வாக்மேன் கீழே விழுந்தது. அவன் அதை எடுத்தான், காதில் மாட்டவில்லை. வேர்த்து விறுவிறுத்து, எண்ணெய் நெற்றியில் வழிய, அவர் சொல்லிக்கொண்டே போனார். அவ்வளவு நாளாகத் தியேட்டர் வாசலில் நின்று யாரிடமும் சொல்ல முடியாமல் வீட்டுக்கு எடுத்துப் போனதெல்லாம் அன்றைக்கு வெளியே வந்துகொண்டிருந்தது.

மாம்பலம் வந்தது. உங்கள் ஸ்டேஷன் என்றார். அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு எப்படி இறங்குவது என்று கேட்டேன். அதுவும் சரிதான் என்று தொடர்ந்தார். கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், எழும்பூர் எல்லாம் போயின. பீச் ஸ்டேஷனில் பெட்டி காலியாயிற்று. கோர்ட் சீன் அப்போதுதான் ஆரம்பம். ஒரு நாளும் தாமதமாக ஆபீஸ் போகாத மனிதர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜட்ஜ் வந்து உட்கார்ந்தார் என்றார். வண்டி மறுபடி தாம்பரத்துக்குக் கிளம்பியது. நாங்கள் இரண்டு பேரும் இறங்கவில்லை.

அந்தப் படத்தை இப்போது டி.வி.யில் அடிக்கடி போடுகிறார்கள். மனைவி ஒவ்வொரு முறையும் கூப்பிடுகிறாள். முதல் பாதி வரை உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுகிறேன். மிச்சம் எனக்கு அவர் சொன்னபடியே இருந்துவிட்டுப் போகட்டும்.